உள்பக்கம் ஓடும் நூல்

டிசம்பர் 12, வெள்ளி

உறுதியான செய்தி: குழந்தையின் எடை இன்று காலை ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது கிராம். திங்கட்கிழமை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். சொன்னவர் கோவை மருத்துவமனையில் பச்சிளங்குழந்தைப் பிரிவின் தலைமைச் செவிலியர். நேரம் பகல் 11.20. என் மகள் நிறைமதியின் கைபேசியில் அவரே பேசினார். எடையை இரண்டு முறை கேட்டு எழுதிக்கொண்டேன்.

பிறந்தது நவம்பர் 19. ஏழு வாரம் முன்கூட்டி. அன்றைய எடை ஆயிரத்து ஐந்நூற்று நாற்பது. பெண் குழந்தை, நிறைமதியின் மகள். இன்னும் பெயர் வைக்கவில்லை.

முப்பத்தோரு வருடம் இந்த மலையிலிருந்து ஒரு நாளிதழுக்குச் செய்தி அனுப்பினேன். மண்சரிவு, பேருந்து விபத்து, கரடி, தேயிலை விலை. எனக்குக் கீழே வேலை பார்த்த இளைஞர்களுக்கு நான் வைத்த ஒரே விதி, ‘கூறப்படுகிறது’ என்ற சொல்லை எழுதக் கூடாது. யார் கூறினார் என்று எழுது. தெரியாவிட்டால் போய்க் கேட்டுவிட்டு வா. ஓய்வு பெற்ற பின் அந்த விதிக்கு வேலை இல்லை. இந்த நாட்குறிப்பில் மட்டும் வைத்திருக்கிறேன்.

வீட்டில் ஹீட்டர் இரண்டும் வேலை செய்கின்றன. சோதித்தேன்.

டிசம்பர் 13, சனி

கீழ் பஜாரில் ரோஸ்லினின் கம்பளி நூல் கடைக்குப் போனேன். எனக்குப் பின்னல் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். மூன்று வருடத்துக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தபோது சிகரெட்டை நிறுத்தச் சொன்னார்கள். கைகளுக்கு வேலை இல்லாமல் தவித்தேன். மனைவி இருந்திருந்தால் திட்டிக்கொண்டே இருந்திருப்பாள். அவள் போய் அப்போது ஒரு வருடம். ரோஸ்லின் இரண்டு ஊசியும் ஒரு கம்பளி நூல் பந்தும் கொடுத்து, ஊசியில் ஏறும் ஒவ்வொரு வளையத்தையும் கண்ணி என்று எண்ணக் கற்றுக்கொடுத்தார். எண்ணுவது எனக்குப் பிடித்துப்போனது. இதுவரை பதினோரு குல்லா, நான்கு ஸ்வெட்டர், கணக்கில்லாத மஃப்ளர்.

குழந்தைக்குக் கையுறை பின்னப் போகிறேன் என்றேன். வெள்ளை நிறம், நடுநடுவே கருநீலப் புள்ளிகள். ரோஸ்லின் நூலை எடுத்துத் தரவில்லை.

“பச்சக் குழந்தைக்குப் புள்ளி வேணாம் சார். ஒரே கலர்ல பிளெயினா போடுங்க. புள்ளிக்குப் புள்ளி நீல நூலு உள்பக்கம் ஓடும். விரல் மாட்டும்.”

குழந்தையின் விரல் ஒரு தீக்குச்சி அளவுதான், எங்கே மாட்டப் போகிறது என்று கேட்டேன்.

“சின்ன விரல்தான் சார் மாட்டும்.”

புள்ளி வைத்தே தீர வேண்டுமென்றால், உள்ளே ஓடும் நூல் இரண்டு கண்ணிக்கு மேல் நீளக் கூடாது, அல்லது உள்ளே மெல்லிய துணி கொடுத்துத் தைத்துவிட வேண்டும் என்றார். குறித்துக்கொண்டேன். வெள்ளை ஒரு பந்து, கருநீலம் அரைப் பந்து.

டிசம்பர் 15, திங்கள்

குழந்தை வீட்டுக்கு வந்தது. நேரம் மாலை 4.35. வெளியே 11 டிகிரி.

காரை ஓட்டியவர் மாப்பிள்ளை கோகுல். பர்லியாறு தாண்டியதும் மூடுபனி. வளைவுகளில் இருபது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகவில்லை என்று நிறைமதி சொன்னாள். அந்த வளைவுகள் ஒவ்வொன்றிலும் நான் என்ன செய்தி எழுதியிருக்கிறேன் என்பது அவளுக்குத் தெரியும். அவள் பதினாறு வயது வரை அந்தப் பாதையில் ஜன்னல் ஓரம் உட்கார மாட்டாள்.

உடன் சம்பந்தி மயிலாத்தாள். சிறுமுகைக்காரர். ஒரு மாதம் தங்கி மருமகளையும் பேத்தியையும் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. என் வீட்டில் பெண் துணை இல்லை.

மருத்துவர் எழுதிக்கொடுத்தது: தலை, கை, கால் மூடியிருக்க வேண்டும். மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை பால். நிற்காத அழுகை, நிறமாற்றம், பால் குடிக்க மறுத்தல், இவற்றில் எது இருந்தாலும் உடனே வர வேண்டும். தாளைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினேன்.

மயிலாத்தாள் ஒரு துணிப்பை நிறையப் பழந்துணி கொண்டுவந்திருக்கிறார். மூத்த பேரன் போட்டுத் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆனவை. முப்பது நாள் வரை குழந்தைக்குப் புதுத்துணி ஆகாது என்பது அவர்கள் வீட்டு வழக்கம். பழைய வேட்டித்துணியில் அவரே கையால் தைத்த கையுறைகளும் இருந்தன. தையல் பிசிறு வெளியே தெரிந்தது. திருப்பித் தைத்துவிட்டீர்கள் போலிருக்கிறதே என்று சிரித்தேன்.

“உள்ள இருந்தா உறுத்துமுங்ணா. பாக்கறவங்களுக்கா போடறோம்?”

ஊசியும் நூலும் கூடையில் இருந்ததைப் பார்த்தார். 

டிசம்பர் 16, செவ்வாய்

எட்டு முறை பால். பின்னலில் பதினான்கு வரிசை.

டிசம்பர் 18, வியாழன்

இன்றோடு முப்பது நாள் முடிகிறது என்று சொன்னேன். மயிலாத்தாள் ஒப்புக்கொள்ளவில்லை. ஆஸ்பத்திரியில் கிடந்த நாளெல்லாம் கணக்கில் சேராதாம். வீட்டு வாசல் மிதித்த நாளிலிருந்து எண்ண வேண்டுமாம். அப்படியானால் ஜனவரி 13.

பிறந்த தேதி சான்றிதழில் இருக்கிறது, அதில் வாசல் மிதித்த தேதி என்று ஒரு கட்டம் இல்லை என்றேன். நிறைமதி சிரித்தாள். மயிலாத்தாளும் சிரித்தார், ஆனால் விடவில்லை.

“அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள நம்ம யாரு கையும் படாம கெடந்துச்சுங்ணா. அப்ப அது நம்ம புள்ளையே ஆகலீங்க. நம்ம கைக்கு வந்துதான கணக்கு?”

இதற்கு ஆதாரம் என்ன என்று கேட்டேன். அவர் மாமியார் என்றார். மாமியாருக்கு? அவர் பால் புட்டியைக் கொதிக்கவைக்கப் போனார்.

டிசம்பர் 20, சனி

கையுறை இரண்டும் முடிந்தன. மணிக்கட்டில் இருபத்து நான்கு கண்ணி. புள்ளிக்கும் புள்ளிக்கும் இடையே ஐந்து கண்ணி. இரண்டு வைத்தால் புள்ளிகள் நெருங்கி அம்மைத் தழும்பு போல இருந்தது, பிரித்துவிட்டேன். உள்ளே துணி கொடுத்துத் தைப்பது திங்கட்கிழமை வேலை.

குழந்தையின் எடை இரண்டாயிரத்துத் தொண்ணூறு. ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர் வீட்டுக்கு வந்து பார்த்தார்.

மாலை நிறைமதிக்கு என் மேல் கோபம். “ஊசிய கீழ வெச்சுட்டு பாப்பாவக் கொஞ்சம் வாங்குங்கப்பா. அவளுக்காகப் பின்றேன்னு அவளத் தொடவே மாட்டேங்கறீங்க.”

நியாயம்தான். வாங்கினேன். இரண்டு கிலோ எடை என்று தெரியும். கையில் எடை இருப்பதே தெரியவில்லை. என் சுண்டுவிரலைப் பிடித்தாள். பிடி பலமாக இருந்தது. ஏழு நிமிடம் வைத்திருந்தேன். அதற்கு மேல் எனக்குப் பயம்.

கையுறையைப் படம் எடுத்து ரோஸ்லினுக்கு அனுப்பினேன். அழகு என்று பதில் வந்தது. உள்பக்கமும் அனுப்பச் சொன்னார். வெளிச்சம் போய்விட்டது.

டிசம்பர் 21, ஞாயிறு

நிறைமதி கையுறையைத் தன் இரண்டு விரல்களுக்கு மாட்டிப் பார்த்தாள். உள்ளே விரலை விரித்தாள். கழற்றி என் கூடையில் வைத்தாள்.

“உள்ளெல்லாம் கம்பி கட்டுன மாதிரி இருக்குப்பா. அத்தை சொல்ற நாள் முடியட்டும். இப்ப வேணாம்.”

வழக்கத்தை நம்புகிறாயா என்று கேட்டேன். இல்லை, ஆனால் அவர் மனசு நோகாமல் இருக்கட்டும் என்றாள். அவள் சொன்ன முதல் வாக்கியத்துக்கு நான் பதில் சொல்லவில்லை.

டிசம்பர் 23, செவ்வாய்

காலை 5 டிகிரி. புல்லில் உறைபனி. கோகுல் நேற்றே கோவை போய்விட்டார், வார இறுதியில்தான் வருவார். துணி கொடுத்துத் தைக்க ஊசிமுனை மெலிதாக வேண்டும், வீட்டில் இருப்பது கோணி ஊசி. தள்ளிவைத்தேன். ஸ்வெட்டர் ஆரம்பித்துவிட்டேன்.

டிசம்பர் 24, புதன்

மயிலாத்தாள் ஒரு துக்கத்துக்காகச் சிறுமுகை போனார். வெள்ளி மாலை வருவார். கிளம்புவதற்கு முன் குழந்தையின் இரண்டு மணிக்கட்டிலும் வசம்பு கட்டினார்: சின்னச் சின்ன வசம்புத் துண்டு, கறுப்பு நூலில் கோத்தது, ஒரு கைக்கு ஏழு. சாவு வீட்டுக்குப் போவதால் குழந்தைக்கு எதுவும் படக் கூடாதாம். நூலுக்கும் கைக்கும் இடையே தன் சுண்டுவிரலை நுழைத்துப் பார்த்து, தளர்வாக இருக்கிறது என்று நிறைமதியிடமும் காட்டினார். நானும் பார்த்தேன்.

வேட்டித்துணிக் கையுறை மூன்று ஜோடி துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறார். வெயில் இல்லை.

டிசம்பர் 25, வியாழன்

காலை 5.10. வெளியே 4 டிகிரி. நிறைமதி அசந்து தூங்கினாள். குழந்தையின் கையுறை எச்சிலில் நனைந்து சில்லிட்டிருந்தது. கொடியில் இருந்தவை காயவில்லை. கையுறை மாற்றப்பட்டது.

6.40. அழுகை. பால் குடித்தாள். கை சால்வைக்குள்.

8.30. அழுகை. நிறைமதி தோளில் போட்டுத் தட்டினாள். ஏப்பம் வந்தது. அழுகை நிற்கவில்லை.

10.15. கோவை மருத்துவமனைக்குப் போன். விடுமுறை. பணியில் இருந்த மருத்துவர் காய்ச்சல் இருக்கிறதா, பால் குடிக்கிறாளா என்று கேட்டார். காய்ச்சல் இல்லை, குடிக்கிறாள். வயிற்றில் காற்றாக இருக்கலாம், மாலை வரை பாருங்கள் என்றார். நிறமாற்றம் இருக்கிறதா என்று கேட்டார். முகத்தைப் பார்த்து இல்லை என்று சொன்னோம்.

12.00 முதல் 2.00 வரை தூங்கினாள். தூக்கத்திலும் விம்மல். ஸ்வெட்டரில் பத்து வரிசை.

2.00. பாலைப் பாதியில் விட்டாள்.

4.10. இடது கை மோதிர விரல் நுனி கருஞ்சிவப்பாக வீங்கியிருப்பது கவனிக்கப்பட்டது.

டிசம்பர் 26, வெள்ளி

குன்னூரிலேயே ஒரு மருத்துவமனையில் இருக்கிறோம். விரலைச் சுற்றி ஒரு நூலிழை இரண்டு சுற்று இறுகிச் சதைக்குள் இறங்கியிருந்தது. நேற்று மாலை 5.25க்கு அறுவை மருத்துவர் அதை வெட்டி எடுத்தார். குழந்தைகளுக்கு இப்படி நடப்பதுண்டு, பெரும்பாலும் தாயின் தலைமுடி, சில சமயம் துணி நூல் என்று சொன்னார். எவ்வளவு நேரம் இறுகியிருந்திருக்கும் என்று கேட்டேன். எட்டு மணி நேரத்துக்குக் குறையாது என்றார். விரல் நுனிக்கு இரத்தம் திரும்புகிறதா என்பது இப்போது தெரியாது. புதன்கிழமை காலை கட்டைப் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். திரும்பாவிட்டால் நுனியை எடுக்க வேண்டிவரும்.

என்ன நூல் என்று அவர் கேட்டார். நிறைமதி குழந்தையின் மணிக்கட்டைக் காட்டினாள். மருத்துவர் வசம்பைப் பார்த்தார். இழை இருட்டு நிறம் என்பதால் இருக்கலாம் என்றார். உறுதியாகச் சொல்லவில்லை.

வசம்பு நூலிலிருந்து பிரிந்த இழையே காரணம் என்று கூறப்படுகிறது.

டிசம்பர் 26, மாலை

கோகுல் காலையிலேயே வந்துவிட்டார். இரண்டு கையிலும் இருந்த வசம்பைக் கத்தரித்துக் குப்பைக் கூடையில் போட்டார். இடது கையில் இருந்தது தரையில் விழுந்தது. எடுத்துப் போட்டவன் நான். ஏழு துண்டும் இருந்தன. நூல் எங்கும் பிரியவில்லை. முடிச்சு அவிழவில்லை. இது என் பார்வை. வேறு யாரும் பார்க்கவில்லை.

6.15க்கு மயிலாத்தாள் நேராக மருத்துவமனைக்கு வந்தார். கோகுல் வராந்தாவிலேயே நிறுத்தினார். அவர் குரலை உயர்த்தவில்லை, உயர்த்தியிருக்கலாம்.

“எத்தனை தடவ சொன்னேன், கயிறு கியிறுன்னு கட்டாதேன்னு. இனிமே நீ அவளத் தொடாதம்மா.”

மயிலாத்தாள் என்ன நடந்தது என்று யாரிடமும் கேட்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் மருந்துச் சீட்டைப் படித்துக்கொண்டிருந்தேன்.

“என் கையாலதான் கட்டுனேன் சாமி. என்னையச் சொல்றதுல தப்பில்ல.”

டிசம்பர் 27, சனி

வீட்டுக்கு வந்தோம். குழந்தைக்கு இரண்டு வேளை மருந்து. இடது கை விரல்களை மூடிக் கட்டு. வலது கையில் வேட்டித்துணிக் கையுறை.

மயிலாத்தாள் அறை வாசல்படிக்கு வெளியே நின்று பார்க்கிறார். உள்ளே வருவதில்லை. துணி துவைக்கிறார், சமைக்கிறார். நேற்றிலிருந்து அவர் சாப்பிட்டதை நான் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்றுதான் எழுத முடியும்.

பின்னவில்லை.

டிசம்பர் 28, ஞாயிறு

நிறைமதி குழந்தையின் பையைப் பிரித்து அடுக்கினாள். நான் பக்கத்தில் இருந்தேன். கையில் ஒன்றை எடுத்துக் காட்டினாள். வெள்ளை, கருநீலப் புள்ளி. வலது கைக்கு உரியது.

“ஆஸ்பத்திரியில சால்வைய மாத்துறப்ப உள்ள இது இருந்துச்சு. இன்னொண்ணு எங்கப்பா?”

தேடுகிறேன் என்றேன்.

அவள் அதை உட்புறம் வெளியே வரும்படி திருப்பினாள். ஜன்னல் பக்கம் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அப்படியே மடித்து அலமாரியில் வைத்தாள். கதவைச் சாத்தினாள். மதியச் சாப்பாட்டின்போது ரசத்தில் உப்புப் போதுமா என்று கேட்டாள். போதும் என்றேன்.

டிசம்பர் 29, திங்கள்

கடைத்தெருவுக்கு மருந்து வாங்கப் போனேன். ரோஸ்லின் கடையைத் தவிர்த்து மேல் பாதையில் திரும்பினேன். அவர் அங்கே டீக்கடையில் நின்றிருந்தார். குழந்தைக்குக் கையில் ஏதோ என்று கேள்விப்பட்டேன் என்றார். வசம்புக் கயிறு என்றேன்.

“அப்படியா சார்,” என்றார். பிறகு, “அந்தக் கையுறைக்கு உள்ள துணி குடுத்துட்டீங்கதானே?”

மருந்துக் கடை மூடிவிடும் என்று சொல்லி வந்துவிட்டேன். பகல் பன்னிரண்டு மணிக்கு மருந்துக் கடை மூடாது.

ஒன்றை எழுத வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் ஒரு பேருந்து பத்தாவது வளைவில் கவிழ்ந்தது. ஆறு பேர் இறந்தார்கள். ஓட்டுநர் பிழைத்தார். ‘ஓட்டுநர் மது அருந்தியிருந்ததாகக் கூறப்படுகிறது’ என்று எழுதினேன். கூறியவர் சாலையோரக் கூட்டத்தில் ஒருவர், பெயர் கேட்கவில்லை. பிரேக் குழாய் வெடித்தது என்று பதினேழாம் நாள் அறிக்கை வந்தது. நான்கு வரித் திருத்தம் போட்டோம், ஏழாம் பக்கத்தில், சந்தை நிலவரத்துக்குக் கீழே. ஓட்டுநரின் மனைவி அலுவலகத்துக்கு வந்தார். முதல் செய்தியைக் கத்தரித்து வைத்திருந்தார். திருத்தத்தை அவர் பார்க்கவே இல்லை. அவர்கள் தெருவிலும் யாரும் பார்க்கவில்லை.

அந்த விதி அன்று வந்தது. இளைஞர்களுக்கு விதியை மட்டும் சொன்னேன். இதைச் சொன்னதில்லை.

டிசம்பர் 30, செவ்வாய்

மயிலாத்தாள் நாளைக் காலை 8.40 பேருந்தில் ஊருக்குப் போகிறார். கோகுல் போகச் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை. கட்டைப் பிரிக்கும்போது இருந்துவிட்டுப் போகலாமே என்று நிறைமதி கேட்டாள். என் முகத்தில் அந்தப் பிள்ளை விழிக்க வேண்டாம் கண்ணு என்று சொல்லிவிட்டார். நிறைமதி அப்போது என்னைப் பார்த்தாள். நான் எழுந்து ஹீட்டரைச் சரிபார்த்தேன்.

மதியம் அவர் வெயிலில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார். வேட்டித்துணிக் கையுறை, ஆறு ஜோடி. பிசிறு வெளியே. முடித்ததும் என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார். காயவில்லை என்ற பேச்சே வரக் கூடாதென்றுதான் ஆறு ஜோடி என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“அண்ணா, நீங்க வூட்ல இருக்கப்போயி புள்ளை தப்பிச்சுதுங். நீங்க மட்டும் கையப் பாக்காம வுட்டிருந்தீங்கன்னா என்ன ஆயிருக்கும்? அந்தப் பாவத்த நான் எங்க கொண்டுபோயிக் கழிப்பேன்?”

என்னைக் கும்பிட்டார். எனக்கு அவரைவிட ஒன்பது வயது கூட. ஆனாலும் எனக்கு இதுவரை யாரும் இப்படிக் கும்பிட்டதில்லை.

கையுறைகளை வாங்கிக்கொண்டேன். அவை சூடாக இருந்தன, வெயிலில்.

டிசம்பர் 31, புதன், காலை

திருத்தம்.

இந்த நாட்குறிப்பில் டிசம்பர் 25, 26 தேதிகளில் வெளியான செய்திகளில் பிழைகள் உள்ளன.

‘கையுறை மாற்றப்பட்டது’ என்பது பிழை. மாற்றியவன் நான். நிறைமதி வேண்டாம் என்று நான்கு நாள் முன்பே சொல்லியிருந்தாள். ரோஸ்லின் பன்னிரண்டு நாள் முன்பே சொல்லியிருந்தார். உள்ளே துணி கொடுத்துத் தைக்கவில்லை. நனைந்த கையுறை ஒரு காரணம். கொடியில் இருந்ததை ஹீட்டர் முன் பிடித்திருந்தால் பத்து நிமிடத்தில் காய்ந்திருக்கும், அது எனக்கு அப்போதே தெரியும். குழந்தை அதைப் போட்டு நான் பார்க்க விரும்பினேன். மாட்டியதும் அழகாக இருந்தது. அதுவும் உண்மை.

‘விரல் வீங்கியிருப்பது கவனிக்கப்பட்டது’ என்பது பிழை. 4.10க்கு யாரும் பக்கத்தில் இல்லாதபோது நான் இடது கையுறையைக் கழற்றினேன். வரவில்லை. இழுத்தேன். உள்ளே ஏதோ அறுந்தது. அப்போதுதான் விரலைப் பார்த்தேன். கையுறையை மேல்கோட்டின் உள்பைக்குள் வைத்தேன். அதன் பிறகு நிறைமதியைக் கூப்பிட்டேன். இந்த வரிசையில்தான் செய்தேன்.

‘வசம்பு நூலே காரணம் என்று கூறப்படுகிறது’ என்பது பிழை. அப்படி உறுதியாகக் கூறியவர் எவருமில்லை. மருத்துவர் வெட்டி எடுத்த இழையை ஒரு சிறு கண்ணாடிக் குப்பியில் போட்டு எங்களிடம் தந்தார். 26ஆம் தேதி காலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கறுப்பு அல்ல, கருநீலம். கையுறையின் உள்பக்கம் மூன்றாவது வரிசையில், புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவே ஐந்து கண்ணி நீளம் ஓட வேண்டிய நூல் அறுந்திருக்கிறது. ஆதாரம்: நானே பார்த்தது. கையுறை ஆறு நாளாக என் மேல்கோட்டின் உள்பையில் இருக்கிறது.

மயிலாத்தாள் கட்டியதற்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

இதை எழுதி முடிக்க நாற்பது நிமிடம் ஆனது. எழுதியது போதாது என்று தெரியும். ஏழாம் பக்கத்தில் போடுவதும் அலமாரிக்குள் இருக்கும் நோட்டில் எழுதுவதும் ஒன்றுதான். கையுறையை எடுத்துக்கொண்டு சாப்பாட்டு மேசைக்குப் போனேன். உட்புறம் வெளியே தெரியும்படி திருப்பி நடுவில் வைக்கலாம், அவள் எழுந்து வரும்போது முதலில் கண்ணில் படும் என்று நினைத்திருந்தேன்.

மேசை நடுவில் ஏற்கெனவே ஒன்று இருந்தது. வலது கைக்கு உரியது. உட்புறம் வெளியே. பக்கத்தில் அந்தக் கண்ணாடிக் குப்பி. நேற்று இரவு நான் தண்ணீர் குடித்தபோது இரண்டும் அங்கே இல்லை.

என்னுடையதை அதன் பக்கத்தில் வைத்தேன். நாற்காலியை இழுத்து உட்கார்ந்திருக்கிறேன். இந்த வரிகளை அங்கிருந்துதான் எழுதுகிறேன்.

சமையலறையில் மயிலாத்தாள் அடுப்புப் பற்றவைக்கும் சத்தம் கேட்கிறது. பயணத்துக்குக் கட்டுச்சோறு கட்டுவார். அவரை முதலில் கூப்பிடுவதா, நிறைமதி எழுந்து வரும் வரை இருப்பதா என்று யோசித்தேன். முதலில் அவரைத்தான். கோகுல் இருக்கும்போது இன்னொரு முறை சொல்ல வேண்டும். அவர் முன்னால்தான் அந்த அம்மாளை நான் விட்டுக்கொடுத்தேன்.

நேரம் 5.20. நிறைமதி பால் கொடுக்க எழுவது 5.30. பேருந்து 8.40. கட்டைப் பிரிப்பது காலை 10 மணிக்கு. விரல் நுனி தங்குமா என்பது அதுவரை தெரியாது.